காய்ச்சல் சொல்லும் கோடு

காய்ச்சல் 100 டிகிரி என்கிறார் டாக்டர். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில் என்கிறது பாடப்புத்தகம். "அப்படியானால் நம் உடம்பு கொதிக்கிறதா?" என்று உங்களில் யாராவது கேட்டிருந்தால், சபாஷ்! கெட்டிக்காரக் கேள்வி.

டாக்டர் சொன்னது பாரன்ஹீட். புத்தகம் சொன்னது செல்சியஸ். செல்சியஸை 1.8-ஆல் பெருக்கி 32-ஐக் கூட்டினால் பாரன்ஹீட் வந்துவிடும். இந்தக் கணக்கைப் படமாகப் போட்டுப் பார்ப்போமா?

கிராப் தாளை எடுங்கள். எக்ஸ் அச்சில் செல்சியஸ், ஒய் அச்சில் பாரன்ஹீட். 0-க்கு 32. 10-க்கு 50. 20-க்கு 68. 30-க்கு 86. புள்ளிகள் வைத்தாயிற்றா? ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நான்கும் ஒரே கோட்டில்!

ஏன் அப்படி? 32, 50, 68, 86. ஒவ்வொரு தடவையும் 18 ஏறுகிறது. மாடிப்படியை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் படியும் ஒரே அகலம், ஒரே உயரம் என்றால், படிகளின் விளிம்பையெல்லாம் தொடும்படி ஒரு நீளக் கம்பைச் சாத்தலாம். ஒரு படி மட்டும் உயர்ந்திருந்தால் முடியாது.

10 நகர்ந்தால் 18 ஏற்றம். 18-ஐ 10-ஆல் வகுத்தால் 1.8. இதுதான் சாய்வு. சூத்திரத்தில் இருந்த அதே 1.8! புரிகிறதா?

அப்போது அந்த 32? கோடு ஒய் அச்சை எங்கே வெட்டுகிறது, பாருங்கள். 32-இல்! அதை வெட்டுத்துண்டு என்பார்கள்.

இந்த 32-ஐ லேசாக நினைக்காதீர்கள். பரீட்சையில் பலரும் வழுக்கும் இடம் இது. 20 டிகிரி செல்சியஸுக்கு 68 என்றால், 40-க்கு இரு மடங்கு, 136 என்று எழுதிவிடுவார்கள். சரியான விடை 104. ஆதிப்புள்ளி வழியாகப் போகும் கோட்டில்தான் ஒன்று இரட்டித்தால் மற்றதும் இரட்டிக்கும். நம் கோடு 0-இல் தொடங்காமல் 32-இல் அல்லவா தொடங்குகிறது? கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

இனி டாக்டரின் 100. கோட்டை மேலே நீட்டுங்கள். ஒய் அச்சில் 100-இல் விரல் வையுங்கள். கோட்டைத் தொடும்வரை குறுக்கே போய், அங்கிருந்து நேராகக் கீழே இறங்குங்கள். 38-க்குச் சற்று முன்னே நிற்கும். தண்ணீர் கொதிப்பதோ 212 பாரன்ஹீட்டில். பயமே வேண்டாம்!

உங்களுக்கு ஒரு வேலை. கோட்டை இடப்பக்கம் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் செல்சியஸும் பாரன்ஹீட்டும் ஒரே எண்ணைக் காட்டும். அது எந்த எண்? கண்டுபிடித்ததும் சூத்திரத்தில் போட்டுச் சரிபாருங்கள்.