வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தையின் வயிறு

வென்டிலேட்டரில் படுத்திருக்கும் குழந்தையின் மூக்கு வழியே வயிற்றுக்கு ஒரு குழாய் போகும். செவிலியர் அதில் சிரிஞ்சை மாட்டி இழுக்கும்போது, சில நேரம் காபித்தூள் கலந்த தண்ணீர் போல ஏதோ வரும். இரைப்பைப் புண்ணிலிருந்து கசிந்து, அமிலம் பட்டு நிறம் மாறிய ரத்தம் அது.

நிமோனியாவுக்கோ விபத்துக்கோ சேர்த்த குழந்தைக்கு வயிற்றில் ஏன் புண்? பயமோ கவலையோ காரணமல்ல. உயிருக்குப் போராடும் உடல், இதயத்துக்கும் மூளைக்கும் ரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. இரைப்பைக்குப் போவது குறைகிறது. உட்சுவரைக் காக்கும் சளிப்படலம் மெலிகிறது. அதன்பின் வழக்கமான அளவு அமிலமே அரிக்கப் போதும். தீக்காயம் பட்டவர்களின் முன்சிறுகுடலில் இத்தகைய புண்கள் வருவதை லண்டன் அறுவை மருத்துவர் தாமஸ் கர்லிங் 1842-லேயே எழுதிவிட்டார்.

அப்படியானால் மருத்துவமனையில் சேரும் எல்லாக் குழந்தைகளுக்கும் அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோபிரசோல் மருந்தைப் போட்டுவிடலாமே? கூடாது என்பதே என் கருத்து. கனடாவின் மான்ட்ரியலில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 1,006 குழந்தைகளைக் கவனித்த ஆய்வு 1998-ல் வெளியானது. சுமார் 10 சதவீதம் பேருக்கு ரத்தம் கசிந்தது. ஆபத்தான அளவுக்குக் கசிந்தது 1.6 சதவீதம் பேருக்குத்தான். மூச்சு செயலிழந்தவர்கள், ரத்தம் உறையாதவர்கள், நோய் மிக முற்றியவர்கள் ஆகியோரிடமே அந்த ஆபத்து குவிந்திருந்தது. மருந்து தேவைப்படுவது இவர்களுக்கு. சாதாரண வார்டில் காய்ச்சலுக்குச் சேர்ந்து, இட்லி சாப்பிடும் பிள்ளைக்கு அல்ல.

அமிலம் வீணாகச் சுரப்பதில்லை. விழுங்கும் கிருமிகளைக் கொல்வது அதுதான். அதை அடக்கினால் நிமோனியாவும் குடல் தொற்றும் கூடலாம் என்ற கவலை இருக்கிறது. குறைமாதக் குழந்தைகளில் அமிலத்தைக் குறைக்கும் ரானிடிடின் வகை மருந்துகளோடு குடல் அழுகல் நோயும் தொடர்புபடுத்தப்பட்டிருக்கிறது. 2024-ல் வெளியான ரிவைஸ் (REVISE) என்ற ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த 4,821 பெரியவர்களிடம் பான்டோபிரசோல் ரத்தக்கசிவை 3.5-லிருந்து 1 சதவீதமாகக் குறைத்தது. இறப்பு விகிதம் குறிப்பிடும்படி மாறவில்லை. பெரியவர்களின் இந்தக் கணக்கை அப்படியே குழந்தைக்குப் போட முடியாது.

மருந்தைத் தவிர இன்னொரு வழியும் உண்டு. குழந்தையின் நிலை அனுமதித்தால், சீக்கிரமே குழாய் வழியே கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுப்பது நல்லது. பால் அமிலத்தின் வீரியத்தைத் தணிக்கும், குடலுக்கு ரத்தத்தை வரவழைக்கும். தாய்ப்பால் கிடைத்தால் இன்னும் நல்லது.

வென்டிலேட்டர் கழன்று, பிள்ளை வாயால் சாப்பிடத் தொடங்கியதும் பெரும்பாலும் மருந்தின் வேலை முடிந்துவிடுகிறது. ஆனாலும் டிஸ்சார்ஜ் சீட்டில் அது அப்படியே தொடர்வதுண்டு. வீட்டுக்குக் கிளம்பும் முன், “இந்த கேஸ்ட்ரிக் மருந்து இன்னும் எதுக்கு டாக்டர், எப்போ நிறுத்தணும்?” என்று பெற்றோர் தயங்காமல் கேட்கலாம்.