தலையில் தூண்டல், காலில் பயிற்சி

பக்கவாதத்திற்குப் பின் காலை இழுத்து நடப்பவரின் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி வினவுவது இது: “தலையில் மின்சாரம் வைத்தால் நடந்துவிடுவாரா?” அக்கேள்வியில் ஆவலும் உண்டு, அச்சமும் உண்டு.

அறுவையின்றி, மண்டையோட்டின் வெளியிலிருந்தே மூளையைத் தூண்டும் முறைகளுள் பெரிதும் ஆராயப்பட்டவை இரண்டு. ஒன்று காந்தத் தூண்டல்; 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் உருவாக்கியது. தலைமேல் வைக்கும் கம்பிச்சுருள் டக், டக் என ஒலிக்கும். மற்றொன்றில், உப்புநீரில் நனைத்த பஞ்சுப் பட்டைகளின் வழியே 1 முதல் 2 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தைச் சுமார் 20 நிமிடங்கள் செலுத்துவர். தோலில் இலேசான அரிப்பு தோன்றலாம். பலர் அஞ்சும் மின்னதிர்ச்சி சிகிச்சை வேறு, இது வேறு.

கையை இயக்கும் பகுதி மூளையின் வெளிப்பரப்பில் அமைந்துள்ளது. காலுக்குரிய பகுதியோ உச்சந்தலைக்குக் கீழே, மூளையின் இரு பாதிகளுக்கும் இடைப்பட்ட பிளவினுள் மறைந்திருக்கிறது. அதனை எட்டுவது கடினம். ஆய்வு முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை.

ஆகவே, தூண்டல் நடைப்பயிற்சிக்கு மாற்றன்று. பயிற்சியை ஏற்க மூளையை இசைவிக்கும் முயற்சியே. தூண்டலுக்காகக் காத்திருந்து பயிற்சியை நிறுத்திவிடுவோரைக் காண்பதுதான் எங்களுக்கு வருத்தம்.

முன்பு வலிப்பு வந்ததுண்டா, தலைக்குள் உலோகக் கவ்வியோ காதில் பொருத்திய கருவியோ மார்பில் பேஸ்மேக்கரோ உண்டா என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கூறுங்கள். தூண்டலுக்குப் பின் அன்றைய நடைப்பயிற்சி எத்தனை மணிக்கு என்பதையும் தவறாது கேளுங்கள்.