எலி உண்பதும் நாம் காக்க வேண்டியதும்

தீபாவளிச் சாமான்கள் வாங்கவோ தைப்பூசத்திற்கோ தோட்டங்களிலிருந்து பினாங்குக்கு வரும் நம் மக்கள், சூலியா தெருவை ஒரு முறையேனும் கடந்து செல்லாமல் இருப்பதில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து வாணிபத்திற்காக வந்த தமிழ் முஸ்லிம்களைச் சூலியர் என்று அழைத்த வழக்கத்திலிருந்து இத்தெரு தன் பெயரைப் பெற்றது. 1786இல் ஜார்ஜ் டவுன் நகரம் தோன்றிய பின் அமைந்த மிகப் பழைய தெருக்களுள் இதுவும் ஒன்று. கிங் தெரு வந்து சேரும் முனையில் நாகூர் தர்காவை நாம் காணலாம். பகலில் இங்கே மனிதர் நடமாட்டம் ஓய்வதில்லை. கடைகள் அடைக்கப்பட்டு, உணவு வண்டிகள் கழுவப்பட்டு, பின்சந்துகளில் குப்பைத் தொட்டிகள் நிறைந்த பிறகு வேறொரு கூட்டம் வெளியே வருகின்றது. அக்கூட்டத்தைப் பற்றியே இவ்விதழில் எழுதுகிறோம்.

நகரத்து எலியைப் பற்றித் தோட்டத்தில் வாழும் நமக்கு என்ன கவலை என்று கேட்கலாம். சூலியா தெருவின் பழைய கடைவீடுகளைச் சற்று உற்று நோக்குங்கள். ஒரு வீட்டின் பக்கச் சுவரே அடுத்த வீட்டின் பக்கச் சுவராகவும் இருக்கின்றது. ஓட்டுக் கூரையும் வரிசையாகத் தொடர்ந்து செல்கின்றது. பின்புறத்தில் ஒரே சாக்கடை எல்லா வீடுகளையும் தொட்டுக்கொண்டு ஓடுகின்றது. தோட்டத்து லயத்தின் அமைப்பும் ஏறக்குறைய இதுவேயன்றோ? ஆகவே கடைவீட்டில் எலி எவ்வாறு பிழைக்கின்றது என்பதை அறிந்தால், லயத்து வீட்டின் அரிசியைக் காக்கும் வழியும் தெரிந்துவிடும்.

இத்தகைய வீடுகளில் எலிகளும் மேல்மாடி, கீழ்மாடி என்று பிரித்துக்கொண்டு குடியிருக்கின்றன. கீழே சாக்கடையிலும் மண் வளையிலும் வாழ்வது பருத்த சாக்கடை எலி. மேலே உத்தரத்திலும் ஓட்டுக்கு அடியிலும் வாழ்வது நீண்ட வாலும் பெரிய காதும் உடைய கூரை எலி. சாக்கடை எலிக்கு மீன் குடல், இறைச்சித் துண்டு, முட்டை, எஞ்சிய சோறு ஆகியவற்றில் விருப்பம் அதிகம். நாள்தோறும் நீரும் அதற்கு வேண்டும். கூரை எலியோ தானியம், பழம், தேங்காய் ஆகியவற்றையே பெரிதும் நாடும். இவ்விரண்டோடு சுண்டெலியும் உண்டு. அது ஓரிடத்தில் அமர்ந்து வயிறார உண்பதில்லை. ஓரிரவில் பல இடங்களில் சிறிது சிறிதாகக் கொறிக்கும். நீர் இல்லாமலும் பல நாள் வாழும்.

இவை தவிர, பினாங்குத் தீவில் பெருச்சாளி இனத்தைச் சேர்ந்த ஒரு சிறிய வகையும் உண்டு. இது இந்நாட்டிற்கு உரியதன்று. கப்பல் சரக்கோடு வந்து இறங்கியது. தமிழ்நாட்டு நெல்வயல்களில் வரப்பைத் துளைத்துக் கதிர்களை வளைக்குள் சேமித்து வைப்பது இவ்வகை எலியே. இருளர் மக்கள் இவ்வளைகளை வெட்டி எலியைப் பிடித்ததோடு, உள்ளே இருந்த நெல்லையும் எடுத்து உண்டு வந்தனர். நம் முன்னோரைப் போலவே கடல் கடந்து வந்த இப்பிராணி, சேமிக்கும் பழக்கத்தையும் உடன் கொண்டு வந்துவிட்டது!

மூஞ்சூற்றையும் எலியென்று எண்ணி அடித்துக் கொல்பவர்கள் பலர். கூரிய மூக்கும் கெட்ட வாடையும் உடைய அது எலி இனத்தைச் சேர்ந்ததே அன்று. கரப்பான் பூச்சி முதலிய பூச்சிகளே அதன் முக்கிய உணவு.

எலி எவ்வளவு உண்ணும்? வளர்ந்த சாக்கடை எலி ஒன்று நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை உண்கின்றது. பத்து எலிகள் ஒரு மாதத்தில் ஏறத்தாழ 8 கிலோ உணவைத் தீர்த்துவிடும். ஆனால் இழப்பு அத்தோடு முடிவதில்லை. ஓர் எலி நாளொன்றுக்கு ஏறக்குறைய நாற்பது புழுக்கைகளை இடுகின்றது. நடந்த இடமெல்லாம் சிறுநீரைச் சொட்டிக்கொண்டே செல்கின்றது. அது தின்றதைவிட, அது கெடுத்ததால் நாம் கொட்ட வேண்டிய அரிசியே அதிகம்.

அச்சிறுநீரில்தான் பெரிய ஆபத்து இருக்கின்றது. எலிச் சிறுநீர் நோய், எலிக்காய்ச்சல் என்றெல்லாம் அழைக்கப்படும் நோயின் கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் பல நாள் உயிரோடு இருக்கும். காலில் உள்ள சிறு வெடிப்பு, கீறல், கண், வாய் ஆகியவற்றின் வழியே உடலுக்குள் புகும். விடியற்காலையில் ஈரப் புல்லில் நடந்து பால் மரம் வெட்டச் செல்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். திடீர்க் காய்ச்சல், கெண்டைக்கால் தசையில் கடும் வலி, கண் சிவத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். முற்றினால் மஞ்சள் காமாலையும் சிறுநீரகப் பழுதும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். மலேசியாவில் 2010ஆம் ஆண்டு முதல் இது அதிகாரிகளுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்றாகும். இத்தகைய காய்ச்சல் கண்டால் கை மருந்தோடு நின்றுவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகும்.

இனி, உணவைக் காக்கும் வழிகளைக் காண்போம். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. ஆகையால் கடிப்பது அதற்குத் தேவையான வேலை. சாக்கு, அட்டைப் பெட்டி, மெல்லிய பிளாஸ்டிக் வாளி ஆகியவை அதற்குத் தடையே அல்ல. மூடி இறுகப் பொருந்தும் தகர டின், எவர்சில்வர் பாத்திரம், கண்ணாடிப் புட்டி ஆகியவையே தக்கவை. அரிசி மூட்டையை அப்படியே வைக்க நேர்ந்தால், சுவரிலிருந்து ஓரடி தள்ளி, ஓரடி உயரப் பலகையின் மேல் வையுங்கள். எலி சுவரை ஒட்டி நடக்கவே விரும்பும். நான்கு புறமும் வெளிச்சமும் இடமும் இருந்தால் அது தயங்கும். வந்து போன அடையாளமும் நம் கண்ணுக்குத் தப்பாது.

நம் வீடுகளில் இன்றும் சிலர் உறி கட்டுகின்றனர். பூனைக்கு அது சரி. கூரை எலிக்கு அது நல்ல ஏணி! துறைமுகத்தில் கப்பலைக் கட்டும் வடத்தில் வட்டமான தகடு ஒன்றைக் கோத்து வைப்பதைக் கண்டிருப்பீர்கள். வடத்தின் வழியே எலி ஏறுவதைத் தடுப்பதற்கே அது. உறிக் கயிற்றின் நடுவிலும் அகன்ற தகரத் தட்டு ஒன்றைக் கோத்துவிட்டால் எலி கீழே இறங்க இயலாது. உணவு அலுமாரியின் கால்களை நீர்க் கிண்ணத்தில் வைப்பது எறும்புக்கு மட்டுமே பயன்படும்.

நாம் உணவென்று நினைக்காத பலவும் எலிக்கு உணவாகும். சவர்க்காரம், மெழுகுவர்த்தி, கோழித் தீவனம், நாய் உண்டு மீந்த சோறு, சாமி மேடையில் இரவு முழுவதும் இருக்கும் வாழைப்பழம், தேங்காய் மூடி ஆகிய எதையும் அது விடுவதில்லை. அரிசி டின்னைப் பூட்டி வைத்துவிட்டுப் பின்வாசலில் நாயின் தட்டைக் கழுவாமல் விடுவதால் பயனில்லை.

நஞ்சு வைப்பதைப் பலர் முதல் வழியாகக் கொள்கின்றனர். நாம் அதைக் கடைசி வழியாகவே கூறுவோம். எலி புதிய பொருளைக் கண்டால் ஐயுறும். முதலில் சிறிதளவே சுவைக்கும். வேறு நல்ல உணவு அருகில் இருக்கும்போது நஞ்சை அது நாட வேண்டிய அவசியம் என்ன? மேலும் இன்று கடைகளில் விற்கும் பெரும்பாலான எலி மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுத்து, சில நாள் கழித்தே கொல்பவை. குழந்தை அதைத் தின்றுவிட்டால் உடனே எந்த அறிகுறியும் தெரியாது. தெரியவில்லை என்று காத்திராமல், மருந்தின் உறையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அதற்கு மாற்று மருந்து உண்டு.

கடைசியாக, ஓட்டைகள். சுண்டெலி நுழைய விரலளவு துளை போதும். பெரிய எலியின் குஞ்சுக்கு அரை அங்குலம் போதும். காகிதமோ துணியோ வைத்து அடைக்காமல், கண்ணாடித் துண்டு கலந்த சிமெண்டால் அடையுங்கள்; காற்று வர வேண்டிய இடத்தில் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை பொருத்துங்கள். சூலியா தெருவாயினும் லயமாயினும், ஒரு வீட்டுக்காரர் மட்டும் அடைத்தால் எலி அடுத்த வீட்டுக்குச் சென்று, சில நாளில் கூரை வழியே திரும்பிவிடும். ஆகவே ஒரு விடுமுறை நாளில் லயம் முழுவதும் சேர்ந்து, சுவர் உச்சிக்கும் கூரைக்கும் இடையே உள்ள இடைவெளிகளை ஒரே மூச்சில் அடைத்துவிடுவது நல்லது. அன்றிரவு சுவரோரமாகச் சிறிது மாவைத் தூவி வையுங்கள். காலையில் அதில் கால்தடம் இருந்தால், அத்தடம் சென்று மறையும் இடத்தில் இன்னும் ஓர் ஓட்டை இருக்கின்றது.