உத்தியோகம் துறந்தார், தொழில் பல கற்றார்

“உத்தியோகம் புருஷலட்சணம்” என்னும் பழமொழி யாழ்ப்பாணத்தார் நெஞ்சிலே ஆழ வேரூன்றியதொன்று. மாரிமழையை எதிர்நோக்கியும், கிணற்றுநீர் இறைத்தும், செம்மண்ணிலே தோட்டஞ் செய்து வாழ்ந்த குடிகளுக்கு மாதந் தவறாது வரும் சம்பளம் பெருங்காப்பாயிற்று. ஆதலின், கைவந்த உத்தியோகத்தை ஒருவன் தானே விடுவானாயின், “இவனுக்கு என்ன குறை வந்தது?” என்றே ஊர் கேட்கும். பாண்டிநாட்டுத் திருநெல்வேலியன்று, நாம் திண்ணைவேலி என வழங்கும் நம் திருநெல்வேலியிலே, பல்கலைக்கழகத்தின் அயலில் வாழும் ஆசிரியர்க்கு இக்கேள்வி புதியதன்று. பொறியியல் பயில்வான் ஒருவன் ஓவியத்தை நாடுகின்றான். கணக்கியல் கற்றாள் ஒருத்தி நாடகம் எழுத விழைகின்றாள். பெற்றார் வந்து, “ஐயா, நீங்கள் தான் புத்தி சொல்ல வேணும்” என்கின்றனர்.

அவர்க்கு யாது சொல்வது? இவ்வூரிலிருந்து நடந்து சென்றடையும் தூரத்திலே இருப்பது நல்லூர். அந்நல்லூரிலே 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆந் தேதி பிறந்த ஆறுமுகம் என்பாரின் வரலாற்றை இந்நோக்கில் மீண்டும் படித்தல் நலம். அவரைச் சைவங் காத்தவர் என்று போற்றுகின்றோம். உரைநடை வளர்த்தவர் என்று பாடஞ் சொல்லுகின்றோம். இருபத்தாறு வயது நிரம்பாத ஓர் இளைஞர், நல்ல உத்தியோகமொன்றை விட்டு வெளியேறிப் பல தொழில் கற்றார் என்பதை மாத்திரம் விரைந்து கடந்துவிடுகின்றோம்.

சேனாதிராச முதலியார், சரவணமுத்துப் புலவர் என்னும் பெருமக்களிடம் தமிழ் கற்ற அவர், வெசுலியன் மிசன் பாடசாலையில் ஆங்கிலம் பயின்றார். 1841 முதல் அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். அதன் தலைவராகிய பேர்சிவல் பாதிரியார் இவர் புலமையை மதித்து, விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்க்கும் பணிக்குத் துணைக்கொண்டார். அக்காலத்து யாழ்ப்பாணத்தில் இதனினும் மேலான நிலையைத் தமிழ் கற்ற இளைஞர் ஒருவர் எதிர்பார்த்தல் அரிது. அந்நிலையை அவர் 1848ஆம் ஆண்டு செப்டெம்பரில் துறந்தார்.

துறந்தமை திடீரென நிகழ்ந்ததன்று என்பதை மாணவர் கருதுதல் வேண்டும். உத்தியோகத்தில் இருக்கும்போதே, 1847ஆம் ஆண்டின் இறுதி நாளிலே, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். பின்பு வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் தொடர்ந்தது. வண்ணார்பண்ணைச் சைவப்பிரகாச வித்தியாசாலையும் அவர் பதவி விலகிய அதே ஆண்டிலேயே தொடங்கியது. செல்லும் வழி தெளிந்த பின்னரே அவர் பழைய வழியை விட்டார்.

இனி, அவர் பல தொழில்களைக் கற்ற முறையை நோக்குவோம். பல கலைகளிலும் வல்லுநராதல் வேண்டும் என்னும் ஆசையால் அவர் ஒவ்வொன்றையும் தொட்டாரல்லர். எடுத்த காரியம் ஒன்று; அக்காரியமே ஒன்றன்பின் ஒன்றாகத் தொழில்களைக் கேட்டது. பாடசாலை தொடங்கினார், பிள்ளைகள் கையிற் கொடுக்கப் புத்தகம் இல்லை. புத்தகம் வேண்டுமெனின் அச்சியந்திரம் வேண்டும். 1849இல் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையுடன் தமிழகஞ் சென்றார். அப்பயணத்திலே திருவாவடுதுறை ஆதீனம் அவர்க்கு ‘நாவலர்’ என்னும் பட்டம் அளித்தது. சென்னையிலே சூடாமணி நிகண்டையும் சௌந்தரியலகரியையும் அச்சிடுவித்து, அச்சியந்திரத்துடன் மீண்டு, வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார்.

அச்சியந்திரம் வந்தவுடன் பதிப்புத்தொழில் வந்தது. அஃது எளிதன்று. ஏட்டுச்சுவடியிலே மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் காணப்படா. காலும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்றும். எது பாடம் என்பதைப் பதிப்பாசிரியரே பொருளறிந்து துணிதல் வேண்டும். ஏட்டில் ஒருவர் செய்த பிழை அவ்வேட்டளவில் நிற்கும். அச்சிற் செய்த பிழையோ நூற்றுக்கணக்கான பிரதிகளிற் பரவும். ஆகவே இலக்கணப் புலவர் ஒப்புநோக்குபவராகவும், எழுத்துக்கோத்த தாளைத் திருத்துபவராகவும் ஆனார். திருக்குறள் பரிமேலழகர் உரை முதலியன அக்கையால் திருத்தம் பெற்றன. சி. வை. தாமோதரம்பிள்ளை 1868இல் வெளியிட்ட தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையமும் நாவலர் பார்வையிட்டுத் திருத்தியதே.

பழைய நூல்களைப் பதிப்பித்தல் மாத்திரம் சிறுபிள்ளைகளுக்குப் போதாது. ஆகவே அவர் நூலாசிரியரானார். படிமுறையாக அமைந்த பாலபாடங்கள் பிறந்தன, பெரியபுராணம் வசனமாயிற்று. கடுஞ்சந்திகளை நெகிழ்த்தும், நிறுத்தக்குறிகளை இட்டும், கற்றோரேயன்றிக் கற்கத் தொடங்குவோரும் வாசிக்கத்தக்க நடையை அமைத்தார்.

இத்தொழில்களுக்கெல்லாம் விதை எங்கே கிடைத்தது? பெரும்பாலும் அவர் விட்டுவந்த இடத்திலேயே கிடைத்தது. வகுப்புப் பிரித்துக் கற்பித்தல், படிமுறைப் பாடநூல், மக்கள் முன்னே நின்று பிரசங்கித்தல், அச்சினால் கருத்தைப் பரப்புதல் ஆகிய யாவும் மிசனார் கையாண்ட கருவிகளே. ‘உதயதாரகை’ 1841இலேயே அமெரிக்க மிசனாரால் வெளிவந்தது. விவிலியத்தின் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்த பயிற்சி, பின்னாளில் அவர் வசனத்துக்கு உரமாயிற்று எனக் கருதுதல் பிழையாகாது. பழைய வழியை வெறுத்தொதுக்கி வருபவன் வெறுங்கையனாய் வருகின்றான்; அங்குக் கற்றதைக் கைக்கொண்டு வருபவனே புதிய வழியில் நெடுந்தூரம் செல்வான்.

இதற்கு விலையும் உண்டு. அவர் இல்லறம் புகவில்லை. 1872இல் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலை பொருள்வலியின்மையால் நிலைக்கவில்லை. முயற்சி அனைத்தும் வெற்றியாயின என்று மாணவர்க்குக் கூறுதல் வரலாறாகாது. சாதி பற்றிய அவர் கருத்துக்கள் அக்காலத்துப் பழைய வரம்பைக் கடந்தனவல்ல என்பதையும் மறைத்தல் தகாது. ஒரு பாதையை விட்டவர் பழையன எல்லாவற்றையும் விட்டவராகார். அவரிடம் கற்பவர் அவ்வரம்பையும் சேர்த்துக் கற்க வேண்டுவதில்லை.

ஆகவே, புத்தி கேட்டு வரும் பெற்றார்க்கும் பிள்ளைக்கும் யாம் மூன்று வினாக்களைக் கொடுக்கலாம். நீ செய்யத் துணிந்த காரியம் யாது? அதற்கு வேண்டும் தொழில்களுள் எவற்றை இதுவரை கற்ற இடத்திலிருந்து கொண்டுபோகின்றாய்? எஞ்சியவற்றை யாரிடம், எத்தனை காலம் கற்கப் போகின்றாய்? இவற்றுக்கு விடை சொல்ல வல்ல பிள்ளையைத் தடுத்தல் அடாது. விடை இல்லாத பிள்ளையை இன்னுஞ் சிலகாலம் இருந்த இடத்திலிருந்தே கற்கும்படி சொல்லுதல் தடையுமன்று. நாவலரும் அவ்வாறே ஏழாண்டு இருந்தார்.

1879ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆந் தேதி அவர் மறைந்தார். பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபை புகுவதற்கு அவர் துணைநின்றதும் அவ்வாண்டிலேயே. அவ்விராமநாதன் 1921இல் நம் திருநெல்வேலியில் நிறுவிய பரமேசுவரக் கல்லூரியின் நிலத்திலேதான் 1974இல் பல்கலைக்கழக வளாகம் தோன்றியது. எந்தத் துறையை விடுவது, எதனைத் தொடுவது என்று இன்று மயங்கும் மாணவர் நடப்பது அந்த நிலத்திலேதான்.