ரத்தத்தில் மருந்து எங்கே?

எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி. கையில் ஊசி, இரண்டு மணி நேர டிரிப். குடலைப் புண்ணாக்கும் கிரோன்ஸ் நோய்க்கு இன்ஃப்ளிக்சிமேப் இப்படித்தான் ஏறுகிறது. சில மாதங்கள் நிம்மதி. பிறகு ஆறாவது வாரமே வயிற்றுவலியும் பேதியும் எட்டிப் பார்க்கின்றன. டோஸைக் கூட்டுவதா, மருந்தையே மாற்றுவதா? இரண்டுமே கையைக் கடிக்கும் முடிவுகள். கண்மூடித்தனமாகக் கூட்டினால் வேறொரு ஆபத்தும் உண்டு. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். புரதத்தை இந்த மருந்து கட்டிப்போடுகிறது. உள்ளே உறங்கும் காசநோய்க் கிருமியை அடக்கி வைத்திருப்பதும் அதே புரதம்தான். காசநோய் மலிந்த இந்தியாவில் இது சின்ன விஷயமல்ல.

ரத்தத்தில் எவ்வளவு மருந்து மிச்சமிருக்கிறது என்று அளந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஆனால் இன்ஃப்ளிக்சிமேபே ஓர் எதிர்ப்பொருள். எலிப் புரதமும் மனிதப் புரதமும் கலந்து செய்தது. ஒரு மில்லிலிட்டர் சீரத்தில் உடலே தயாரித்த இதே ரக எதிர்ப்பொருள் சுமார் 10,000 மைக்ரோகிராம் இருக்கும். மருந்து வெறும் 5 மைக்ரோகிராம் இருந்தாலே நல்ல அளவு. கூட்டத்தில் ஆளை எப்படிப் பிடிப்பது?

தூண்டில் போட்டுத்தான். 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் டி.என்.எஃப். பூசியிருப்பார்கள். சீரத்தை ஊற்றினால் மருந்து அதில் ஒட்டிக்கொள்ளும். மற்றவை கழுவும்போது போய்விடும். பிறகு என்சைம் கட்டிய இன்னொரு எதிர்ப்பொருளும் நிறமேற்றும் ரசாயனமும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு மருந்து. இதுதான் எலைசா.

இந்தச் சோதனையின் பூர்வீகமே ஒரு மருந்துக் குழப்பம்தான். நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும், இன்சுலின் போட்டுக்கொண்டவர்களின் ரத்தத்தில் இன்சுலினுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உருவாவதைக் கண்டார்கள். அதை நம்ப மறுத்து ‘சயின்ஸ்’ இதழ் கட்டுரையைத் திருப்பியது. 1956இல் வேறொரு இதழில், தலைப்பிலிருந்து ‘எதிர்ப்பொருள்’ என்ற சொல்லை நீக்கிய பிறகே அச்சேறியது. அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து பிறந்த கதிரியக்க அளவீட்டுக்காக யாலோ 1977இல் நோபல் பெற்றார். பெர்சன் அதற்குள் இறந்துவிட்டார். கதிரியக்கத்துக்குப் பதில் என்சைம் வந்தது 1971இல்.

இன்றும் அதே கதை. சிலர் உடல் இன்ஃப்ளிக்சிமேபுக்கு எதிராக எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. எதிர்ப்பொருளுக்கு எதிரான எதிர்ப்பொருள்! தமிழில் எழுதவே நாக்கு சுளுக்குகிறது. ஆனால் சிகிச்சையின் போக்கு இதில்தான் இருக்கிறது. மருந்து குறைவு, எதிர்ப்பொருள் இல்லை என்றால் டோஸைக் கூட்டலாம். மருந்து குறைவு, எதிர்ப்பொருள் ஏராளம் என்றால் கூட்டுவது பெரும்பாலும் வீண். அதே குடும்பத்தில் வேறு மருந்து பார்க்கலாம். மருந்து போதுமான அளவு இருந்தும் நோய் அடங்கவில்லையா? குடும்பத்தையே மாற்ற வேண்டியதுதான்.

எல்லாருக்கும் அடிக்கடி அளக்க வேண்டுமா? நார்வே ஆய்வுகளின் பதில் இரண்டுபட்டது. சிகிச்சையின் தொடக்கத்தில் அளந்து டோஸ் தந்ததில் கூடுதல் பலனில்லை. தொடர் சிகிச்சையில் அளந்தவர்களில் 74 சதவீதத்தினருக்கு ஓராண்டு நோய் கட்டுக்குள் இருந்தது. அளக்காதவர்களில் 56 சதவீதம். இரண்டு முடிவுகளும் 2021இல் வெளிவந்தன.

ரத்தம் எடுக்கும் நேரம் முக்கியம். அடுத்த டிரிப்புக்குச் சற்று முன், மருந்து அடிமட்டத்தில் இருக்கும்போது எடுக்க வேண்டும். மறுநாள் எடுத்தால் யாருக்கும் அமோகமாகத்தான் இருக்கும். ஒரு கம்பெனி கிட்டில் வந்த எதிர்ப்பொருள் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடவும் கூடாது. ஒரே லேபில் தொடர்வது நல்லது. சாம்பிள்கள் சேர்ந்த பிறகே தட்டைப் போடுவதால் ரிசல்ட் வரச் சில நாட்களாகும். அதற்குள் அன்றைய டிரிப் ஏறி முடிந்திருக்கும். அந்த எண் பயன்படுவது அடுத்த எட்டு வாரக் கணக்குக்கு.