அவை ஏற்ற மசோதா. அரசு ஏற்காத பிரிவுகள்

மாநிலங்களவையில் வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்குத் தொடங்கும் தனிநபர் அலுவல் நேரத்தை தில்லி அரசியல் வட்டாரங்கள் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. அமைச்சர் பொறுப்பில் இல்லாத உறுப்பினர்கள், தாங்களே தயாரித்த மசோதாக்களையும் தீர்மானங்களையும் முன்வைப்பதற்கான நேரம் அது. வார இறுதியில் ஊர் திரும்பும் உறுப்பினர்கள் பலர் அதற்குள் விமான நிலையத்துக்குப் புறப்பட்டிருப்பார்கள்.

அவை மரபும் அதற்கேற்பவே அமைந்துவிட்டது. மசோதாவை முன்மொழிந்த உறுப்பினர் பேசுவார். கட்சி வேறுபாடின்றிப் பலரும் பாராட்டுவார்கள். இறுதியில் அமைச்சர் எழுந்து, உறுப்பினரின் நல்லெண்ணத்தை அரசு மதிப்பதாகவும், உரிய நேரத்தில் அரசே மசோதா கொண்டுவரும் என்பதால் இதைத் திரும்பப் பெற வேண்டும் என்றும் கேட்டுக்கொள்வார். உறுப்பினரும் நன்றி கூறித் திரும்பப் பெறுவார். பெரும்பாலான தனிநபர் மசோதாக்கள் விவாதத்துக்கே வராமல் காலாவதியாகிவிடும் நிலையில், இந்த அளவுக்கு வந்து சேர்வதே பெரிய பேறு.

2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதி இந்த மரபுக்கு உடன்பட மறுத்தார் திமுக உறுப்பினர் திருச்சி சிவா.

1996-இல் புதுக்கோட்டையிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பின்னர் மாநிலங்களவைக்கு வந்தவர் அவர். 2014 டிசம்பர் 12-ஆம் தேதி அவர் அறிமுகப்படுத்திய திருநர் உரிமைகள் மசோதா 58 பிரிவுகள் கொண்டது. அரசுத் துறையொன்று ஆள்பலத்துடன் தயாரிக்கும் சட்டத்துக்கு நிகரான அளவு. திருநங்கையர், திருநம்பியர் ஆகியோருக்குக் கல்வியிலும் அரசு வேலைவாய்ப்பிலும் 2 சதவீத இடஒதுக்கீடு, தேசிய, மாநில அளவில் தனி ஆணையங்கள், அவர்களது வழக்குகளை விசாரிக்கத் தனி நீதிமன்றங்கள் ஆகியவை அதில் இடம்பெற்றிருந்தன.

மசோதாவுக்கு வலுவான பின்னணியும் இருந்தது. 2014 ஏப்ரல் 15-ஆம் தேதி நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், ஏ.கே. சிக்ரி ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, தனது பாலினம் எது என்பதைத் தானே தீர்மானித்துக்கொள்வது ஒருவரின் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத மற்றவர்கள் என்று பதிவானவர்கள் 4 லட்சத்து 87 ஆயிரத்து 803 பேர். உண்மை எண்ணிக்கை இதைவிட மிக அதிகம் என்பது சமூக ஆர்வலர்களின் வாதம். தமிழகத்தில் இவர்களுக்கான நல வாரியம் 2008-லேயே அமைந்துவிட்டது. மாநிலத்தில் பழகிப்போன ஒன்றை நாடு முழுமைக்கும் சட்ட உரிமையாக்குவதே சிவா மேற்கொண்ட பணி.

வாக்கெடுப்புக் கோரிக்கை: விவாதத்துக்குப் பதிலளித்த சமூக நீதித் துறை அமைச்சர் தாவர்சந்த் கெலாட், மசோதாவில் நடைமுறைச் சிக்கல்கள் இருப்பதாகக் கூறி, அரசே விரிவான சட்டம் கொண்டுவரும் என உறுதியளித்து, மசோதாவைத் திரும்பப் பெறுமாறு கேட்டார். சிவா மறுத்தார், வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்று வற்புறுத்தினார்.

ஆளும் கூட்டணிக்கு அன்று மாநிலங்களவையில் பெரும்பான்மை இல்லை. வாக்கெடுப்பு நடந்தால் அரசு தோற்கலாம். வென்றாலோ, ஒடுக்கப்பட்ட ஒரு பிரிவினருக்கு எதிராக வாக்களித்த அவப்பெயர் மிஞ்சும். அவை முன்னவரான அருண் ஜேட்லி இந்த இக்கட்டைக் கணப்பொழுதில் உணர்ந்தவர்போல் குறுக்கிட்டார். இத்தகைய விஷயத்தில் அவை பிளவுபட்டு நிற்பதாகத் தோன்றக் கூடாது என்றார் அவர். துணைத் தலைவர் பி.ஜே. குரியன் குரல் வாக்கெடுப்புக்கு விட, எதிர்ப்பின்றி மசோதா நிறைவேறியது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தனிநபர் மசோதா எதையும் நிறைவேற்றாத அவையில் எழுந்த மேசை தட்டும் ஓசைக்குப் பொருள் இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14 மட்டுமே. நாடாளுமன்ற நடவடிக்கைகளை வெளியிடும் பத்திரிகைகளுக்குப் பாதுகாப்பளிக்கும் 1956-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றில் ஒன்று. அதை முன்மொழிந்தவர் ஃபெரோஸ் காந்தி. நெருக்கடி நிலையின்போது அவருடைய மனைவியின் அரசே 1976-இல் அதை ரத்து செய்தது என்பதும், 1977-இல் ஜனதா ஆட்சியில் அது மீண்டும் உயிர்பெற்றது என்பதும் தனிக்கதை. பதினான்காவதாக, ஓய்வுபெற்ற நீதிபதியும் உருதுக் கவிஞருமான ஆனந்த் நாராயண் முல்லாவின் மசோதா 1970-இல் சட்டமானது. கதவு அத்துடன் மூடிக்கொண்டது.

அதைத் திறப்பதற்கு சிவாவின் மசோதா மக்களவையைக் கடக்க வேண்டியிருந்தது. அங்கே ஒரு சங்கடம் காத்திருந்தது. ஓர் அவை நிறைவேற்றிய தனிநபர் மசோதாவை மற்றோர் அவையில் எடுத்துக்கொள்ள, அந்த அவையின் உறுப்பினர் ஒருவர் முன்வர வேண்டும். 2014 தேர்தலில் திமுக மக்களவைக்கு ஒருவரைக்கூட அனுப்ப முடியாமல் போனது. மசோதாவைக் கையிலெடுத்தவர் ஒடிஸாவைச் சேர்ந்த பிஜு ஜனதா தள உறுப்பினர் பைஜயந்த் பாண்டா. 2016 பிப்ரவரி 26-ஆம் தேதி அது மக்களவையில் விவாதத்துக்கு வந்தது; ஆனால், நிறைவேறவேயில்லை. பாலினச் சிறுபான்மையினர் குறித்து மக்களவையின் மனநிலை அப்போது எப்படி இருந்தது என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. ஒருபாலுறவைக் குற்றமாக்கும் 377-ஆவது பிரிவைத் திருத்த காங்கிரஸ் உறுப்பினர் சசி தரூர் 2015 டிசம்பரில் கொண்டுவந்த மசோதாவுக்கு அறிமுக நிலையிலேயே அனுமதி மறுக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் 71 பேர்; ஆதரித்தவர்கள் 24 பேர்.

அரசின் மசோதா: வாக்களித்தபடி 2016 ஆகஸ்ட் 2-ஆம் தேதி மத்திய அரசு தன் மசோதாவை மக்களவையில் அறிமுகம் செய்தது. அதில் இடஒதுக்கீடு இல்லை. தனி நீதிமன்றமும் இல்லை. ஆணையத்துக்குப் பதிலாக ஆலோசனை கூறும் தேசியக் கவுன்சில்.

அதைவிட வேதனையளித்தது வரையறை. பிறப்பின்போது குறிக்கப்பட்ட பாலினத்துடன் தம் பாலின உணர்வு பொருந்தாதவர், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டாரா இல்லையா என்ற வேறுபாடின்றி, திருநரே என்றது சிவாவின் மசோதா. கின்னர், ஹிஜ்ரா முதலிய பெயர்களுடன் தமிழகத்தின் 'அரவாணி' என்ற சொல்லையும் அது சேர்த்துக்கொண்டது. அரசு மசோதாவோ முழுமையாக ஆணும் அல்லாதவர், முழுமையாகப் பெண்ணும் அல்லாதவர் என்ற ரீதியில் அவர்களை விவரித்தது. ஒரு சமூகத்தைக் காக்க வந்த சட்டமே அவர்களைக் குறையுள்ளவர்களாகச் சித்திரித்தால், அதிகாரிகளிடம் வேறெதை எதிர்பார்ப்பது? நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு 2017 ஜூலையில் அளித்த அறிக்கையும் இந்த வரையறையைக் கடுமையாகக் குறைகூறியது.

2018 டிசம்பர் 17-ஆம் தேதி 27 திருத்தங்களுடன் மக்களவை அரசு மசோதாவை ஏற்றது. அவற்றுள் ஒன்று வரையறையை மாற்றியது. புதிய வரையறையின் சொற்கள் ஏறத்தாழ சிவா மசோதாவின் சொற்கள்தாம். 'அரவாணி' என்ற பெயரும் திரும்பி வந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் மாநிலங்களவை ஒருமனதாக ஏற்றதற்கு வந்துசேர இத்தனை சுற்று! ஆயினும், மக்களவைத் தேர்தலையொட்டி அந்த மசோதா காலாவதியானது.

2019 ஜூலையில் மீண்டும் அறிமுகமான மசோதா, ஆகஸ்ட் 5-ஆம் தேதி, ஜம்மு-காஷ்மீர் விவகாரத்தில் நாடாளுமன்றமே கொந்தளித்துக்கொண்டிருந்த நாளில், மக்களவையில் அமளிக்கிடையே நிறைவேறியது. முந்தைய மசோதாவில் இருந்த மாவட்டப் பரிசீலனைக் குழு கைவிடப்பட்டிருந்தது. எனினும், அடையாளச் சான்றிதழுக்கு மாவட்ட ஆட்சியரை நாடியே தீர வேண்டும். திருநரைப் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளாக்குவோருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. பெண்ணைப் பாலியல் வல்லுறவுக்கு உள்ளாக்கினால் குறைந்தபட்ச தண்டனையே பத்தாண்டு என்று அதற்கு முந்தைய ஆண்டில்தான் இதே நாடாளுமன்றம் சட்டம் செய்திருந்தது. திருநர் அமைப்புகளின் ஆத்திரத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

நவம்பர் 26-ஆம் தேதி மாநிலங்களவையில் மசோதா முடிவுக்கு வந்தபோது, அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிந்தவரும் சிவாதான். பாதிக்கப்படுவோரின் கருத்தைக் கேட்டுச் செப்பனிடலாம் என்பதே கோரிக்கை. 2015-இல் தவிர்க்கப்பட்ட வாக்கெடுப்பு இம்முறை நடந்தது. ஆதரவு 55, எதிர்ப்பு 74. மொத்தம் 245 இடங்கள் கொண்ட அவையில் வாக்களித்தவர்கள் 129 பேர். அதன்பின் மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. டிசம்பர் 5-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். 2020 ஜனவரி 10 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2 சதவீத இடஒதுக்கீடு அதில் இல்லை.