நச்சுக் காய்ச்சலுக்குப் பின் மூச்சுப் பயிற்சி



நம் நெகிரி செம்பிலானுக்கு நச்சுக் காய்ச்சல் புதிதல்ல. புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தைக் காலிசெய்த நோய்க்கிருமிக்கு, அங்குள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரையே 1999இல் சூட்டினார்கள். அது மூளையைத் தாக்கியது. நாட்டில் 105 உயிர்களைக் கொண்டு போனது. 2020இல் வந்த கோவிட் நுரையீரலைப் பிடித்தது. 2021 ஆகஸ்டில், ஒரே நாளில் இருபதாயிரம் பேருக்கு மேல் தொற்று கண்ட அந்த நாட்களில், அடியேனும் நோயாளியானேன்.

வீடு திரும்பிய பிறகுதான் சோதனை. தோட்டப் பள்ளியில் மூன்று வகுப்புக்குக் கேட்கும்படி பாடம் நடத்திய குரலால், சந்நிதியில் ஒரு தேவார அடியை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை. இரவில் படுத்தால், மூச்சு நின்றுவிடுமோ என்ற பயம். பயத்தில் மூச்சு மேலும் வேகமாகும். அதைக் கண்டு பயம் கூடும்.

நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். பதினாறு மாத்திரை இழுத்து, அறுபத்து நான்கு அடக்கி, முப்பத்திரண்டு விடுவது திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தின் கணக்கு. அதை எடுத்த எடுப்பில் செய்யப்போய், தலைசுற்றி நாற்காலியோடு சாய்ந்தேன். "ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்புக் கணக்குக் கொடுப்பீங்களா?" என்று கேட்டார் என் மனைவி. பதில் சொல்ல மூச்சில்லை.

பிறகு இயன்முறை மருத்துவர் ஒருவர் விளக்கினார். சுவாசத்தின் பெரும்பகுதி வேலை, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத்துடையது. நோயில் அது சோர்ந்துவிட, கழுத்தும் தோளும் அந்த வேலையைச் செய்யத் தொடங்குகின்றன. அதனால்தான் அத்தனை களைப்பு. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிற்றில் கை வைத்து, மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் வரை விட வேண்டும். நீண்டு வெளிவரும் மூச்சில் இதயத் துடிப்பும் தணிகிறது. பதற்றம் குறைவது அதனால்தான். சில வாரம் கழித்துப் பிராமரி, அதாவது வண்டுபோல் ரீங்கரிப்பது. அப்படி முனகும்போது மூக்கில் நைட்ரிக் ஆக்சைடு பல மடங்கு கூடுவதை, சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் 2002இல் அளந்து காட்டினார்கள். அது கிருமியைக் கொல்லும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கும்பகம், கபாலபாதி, பஸ்திரிகா மூன்றும் முழுமையாகத் தேறும் வரை கூடாது. விரலில் மாட்டும் கருவி ஓய்விலேயே 95க்குக் கீழே காட்டினால், பாயைச் சுருட்டிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

இப்போது செவ்வாய்தோறும் மண்டபத்தில் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். பெரும்பாலும் பழைய தோட்டத்து ஆட்கள். ரப்பர் புகைக்கூடத்தில் காலமெல்லாம் வேலை செய்த பாட்டி ஒருவர் முதல் நாள், "மூச்சு விடக்கூடப் பாடமா, வாத்தியாரையா?" என்று சிரித்தார். நான்கு மாதத்தில், நடுவில் உட்காராமல் கோயில் படிகளை ஏறி வந்தார்.

அந்தத் தேவார அடியைச் சென்ற தைப்பூசத்தன்று முழுதாகப் பாடினேன். நடுவில் ஒரு முறை மூச்சு வாங்கினேன்.